ஆள் பார்த்துப் பேசாத நாக்கு

"மேல இருக்கிறவனே கீழ இறங்கி வந்து, என் பக்கத்துல சம்மணம் போட்டு உக்காந்து, ஒரு துண்டை மென்னுட்டு, 'உப்பு சரியா இருக்குடா மிர்சதாய்'னு சொன்னாலும், இல்லேன்னா இல்லேன்னுதான் சொல்வேன். என் நாக்கு ஆள் பாத்துப் பேசாது."

இதைச் சொன்னவர் மிர்சதாய். சொன்ன இடம் துஸ்கொல் இறைச்சித் தொழிற்சாலையின் உணவுக்கூடம். சந்தர்ப்பம் அவருடைய அறுபதாவது பிறந்தநாள் விருந்து. கேட்டவர்கள் நூற்றிருபது பேர். அவர்களில் எங்கள் ஊர் முல்லாவும் ஒருவர். அவர் கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தார். கூரை ஒன்றும் சொல்லவில்லை. தட்டிலிருந்த பொரித்த மாவு உருண்டையை எடுத்துக் கடித்துவிட்டு அவரும் ஒன்றும் சொல்லவில்லை. இப்படியாக அந்தப் பேச்சு மறுப்பில்லாமல் நிறைவேறியது.

மிர்சதாயின் வாழ்க்கையை எழுத வேண்டுமானால் அவருடைய நாக்கை எழுதினால் போதும் என்பது எங்கள் ஊரில் பலருடைய அபிப்பிராயம். மற்ற உறுப்புகளெல்லாம் அந்த நாக்கைத் தொழிற்சாலைக்குக் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவருவதற்காக ஏற்பட்டவை. பிறந்தது உப்பு ஏரிக் கரையில். அப்பா ஏரியில் உப்பு வாரியவர். தொட்டிலில் கிடந்த நாளிலேயே காற்றடித்தால் குழந்தையின் உதட்டில் உப்புப் படிந்துவிடுமாம். அதை நக்கி நக்கித்தான் அவருக்கு அந்த ஞானம் வந்தது என்று அவரே சொல்வார். அதே கரையில், அதே காற்றில் வளர்ந்த அவருடைய தம்பிகள் மூவருக்கும் ஏன் வரவில்லை என்று யாரும் கேட்டதில்லை.

பட்டாளத்தில் சமையல் பார்த்தார். திரும்பி வந்து தொழிற்சாலையில் உப்புநீர்த் தொட்டிக்குக் காவலாக நின்றார். தொண்ணூற்று மூன்றாம் வருடம் ஆய்வகத்திலிருந்த உப்புமானி செத்துப்போனது. நாடு உடைந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. அந்தக் கருவிக்கான உதிரிப்பாகம் செய்கிற ஊர் வேறு நாட்டில் போய் உட்கார்ந்திருந்தது. அப்போதைய இயக்குநர் தொட்டியருகே வந்து நின்று, சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "மிர்சதாய், நாக்கை நீட்டு," என்றார். நீட்டினார். அன்று நீட்டியதை அவர் பிறகு முழுதாக உள்ளே இழுத்துக்கொள்ளவில்லை.

பதினோரு வருடம் கழித்துப் புதிய உப்புமானி வந்தது. அது இரண்டு புள்ளி மூன்று என்று காட்டிய இடத்தில் மிர்சதாய் இரண்டு புள்ளி ஐந்து என்றார். கருவியைப் பழுதுபார்க்க அனுப்பினார்கள். கருவியில் ஒரு குறையும் இல்லை என்று முத்திரை குத்திய சான்றிதழோடு திரும்பி வந்தது. சான்றிதழைக் கோப்பில் வைத்துவிட்டு, கருவியின் முகப்பில் ஒரு துண்டுக் காகிதத்தை ஒட்டினார்கள். அதில் 'புள்ளி இரண்டைக் கூட்டிக்கொள்ளவும்' என்று எழுதியிருந்தது. அந்தக் காகிதம் இன்றும் இருக்கிறது. மேலே கண்ணாடித்தாள் போட்டுப் பாதுகாத்திருக்கிறார்கள்.

சுவைபார்க்கும் குழுவுக்கு அவர் தலைவரானது அதன்பிறகுதான். குழுவில் ஒன்பது பேர். ஒவ்வொரு வியாழக்கிழமையும் நீள மேசையில் உட்காருவார்கள். ஆளுக்கு ஒரு தட்டு, ஒரு படிவம், ஒரு பேனா. நிறம், மணம், வெட்டு, உப்பு என்று நான்கு கட்டம். ஒவ்வொருவரும் அடுத்தவரைக் கேட்காமல் தன் கருத்தைத் தானே எழுத வேண்டும் என்று விதி. விதி எழுதியவர்கள் எந்த ஊர்க்காரர்களோ தெரியாது. எங்கள் பக்கத்தில் மேசையில் மூத்தவர் வாய் திறக்கும் முன் இளையவர் வாய் திறப்பதில்லை. சாப்பிடவும் மாட்டோம், பேசவும் மாட்டோம். எழுதுவது மட்டும் எப்படி? ஆகவே எட்டுப் பேரும் பேனாவைப் பிடித்தபடி காத்திருப்பார்கள். மிர்சதாய் மெல்லுவார். கண்ணை மூடுவார். திறப்பார். "உப்பு கொஞ்சம் தூக்கல்," என்பார். எட்டுப் பேனாக்களும் கரகரவென்று 'உப்பு கொஞ்சம் தூக்கல்' என்று எழுதும். மாகாண அளவில் நடந்த ஒரு போட்டியில், உறுப்பினர்களுக்கிடையே கருத்து வேறுபாடே இல்லாத ஒரே குழு என்று துஸ்கொல் குழுவுக்குக் கேடயம் கொடுத்தார்கள். பத்தொன்பது வருடத்தில் ஒருமுறைகூட ஒருவர் மாற்றி எழுதியதில்லை என்பது கணக்குப் பார்த்தவர்களையே மலைக்க வைத்ததாம்.

இனி அந்த நாக்கு ஆள் பார்த்துப் பேசாது என்பதற்கான சாட்சியம். அது சந்தேகத்துக்கு இடமில்லாத சாட்சியம். நாற்பது பேர் முன்னிலையில் நடந்தது.

மிர்சதாயின் ஒரே மகள் மெருவெர்த்தை ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் கட்டிக்கொடுத்தார்கள். சம்பந்தி பெயர் சபர்காலி. வயது எழுபதைத் தாண்டியவர். நாற்பது வருடம் நிலைய அதிகாரியாக இருந்து, ரயில்களுக்கே 'நில்', 'போ' என்று சொன்னவர். இதயத்தில் ஏதோ கோளாறு என்று மருத்துவர் அவருக்கு ஆறு வருடமாக உப்பைக் குறைத்திருந்தார். இரண்டு பானை வைத்துச் சமைக்க அவர் மனைவிக்கு என்ன தலையெழுத்தா? வீட்டுக்கே உப்பைக் குறைத்துவிட்டாள். எல்லோருக்கும் நாக்குப் பழகிப்போனது. குளிர்காலத்தில் குதிரை வெட்டிக் குடலில் அடைத்துத் தொங்கவிடுகிற கஸியிலும் பாதி உப்புதான்.

கல்யாண விருந்தில் சபர்காலி தன் கையாலேயே கஸியை வெட்டி, எங்கள் வழக்கப்படி, எழுந்து வந்து சம்பந்தியின் வாயில் ஊட்டினார். இதைவிடப் பெரிய மரியாதை எங்கள் பக்கத்தில் கிடையாது. மிர்சதாய் மென்றார். கண்ணை மூடினார். மகள் மணப்பெண் முக்காட்டுக்குள்ளிருந்து, "அப்பா, வேண்டாம்ப்பா," என்று முனகியது பக்கத்திலிருந்த பெண்களுக்குக் கேட்டது. அவர் கண்ணைத் திறந்தார்.

"குதிரை நல்ல குதிரை சம்பந்தி. உப்புதான் பத்தல."

நாற்பது பேரும் ஒரே நேரத்தில் தேநீர்க் கிண்ணத்துக்குள் பார்த்தார்கள்.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் மனைவி குல்யாஷ் காருக்குள் குமுறினாள். "ஒரு நாள், ஒரே ஒரு நாள், நாக்கைக் கடிச்சுக்கிட்டு இருந்தா என்னய்யா?"

"கடிச்சா வியாழக்கிழமை எதை வச்சு வேலை பாக்கறது?" என்றார் மிர்சதாய்.

அந்தக் குளிர்காலம் மிர்சதாய் வீட்டில் குதிரை வெட்டியபோது முறைப்படி சம்பந்தி வீட்டுக்குச் சொல்லி அனுப்பினார்கள். வரவில்லை. 'உங்க வீட்டு உப்பைத் தாங்கற வாய் எங்களுக்கு இல்ல' என்று பதில்தான் வந்தது. அடுத்த குளிர்காலம் அதுவும் வரவில்லை. நடுவில் பேரன் பிறந்தான். நாற்பதாம் நாள் குளியலுக்கு, அது பெண்கள் சமாசாரம் என்று காரணம் சொல்லி, குல்யாஷை மட்டும் கூப்பிட்டார்கள். மிர்சதாய் பேரனைப் பார்த்ததெல்லாம் கைபேசியில்தான். அதுவும் மெருவெர்த் பால் வாங்கக் கடைக்கு வரும் நேரம் பார்த்து.

"நிக்கறானா?" என்று கேட்பார்.

"சோபாவைப் புடிச்சுக்கிட்டு நிக்கறான்ப்பா. விட்டா விழறான்."

"காலுக்குக் கயிறு வெட்டறது எப்போ?"

குழந்தை நடக்கத் தொடங்கும்போது கால்களைக் கறுப்பு வெள்ளைக் கயிற்றால் கட்டி, ஊரைக் கூட்டி வெட்டிவிடுவது எங்கள் வழக்கம். அப்புறம்தான் அவன் தடுக்காமல் நடப்பான்.

"வசந்தத்துல இருக்கும். மாமனார் இன்னும் தேதி சொல்லல."

"யார் யாரைக் கூப்பிடறாங்களாம்?"

"என்னப்பா? சரியாக் கேக்கல. கடைக்குள்ள சிக்னல் இல்லப்பா."

கடைக்குள் சிக்னல் எப்போதும் நன்றாக இருக்கும் என்பது மிர்சதாய்க்குத் தெரியும். கைபேசியைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, அன்றைக்கு நாலு பேரிடம் கூடுதலாகத் தன் நாக்கைப் பற்றிப் பேசினார்.

இந்த நிலையில்தான் அக்மரால் வந்து சேர்ந்தாள். முப்பது வயது. அல்மாத்தியில் உணவுத் தொழில்நுட்பம் படித்தவள். எங்கள் தொழிற்சாலையின் குதிரை சாசேஜில் நூற்றுக்கு இரண்டரைப் பங்கு உப்பு இருக்கிறது, ஊரில் பாதிப் பேருக்கு ரத்த அழுத்தம் இருக்கிறது, ஆகவே உப்பில் கால் பங்கைக் குறைக்க வேண்டும் என்று தலைநகரத்திலிருந்து வந்த உத்தரவை நிறைவேற்றத்தான் அவளை எடுத்தார்கள். மார்ச் கடைசிக்குள் சுவைக்குழு ஒப்புக்கொண்ட சாசேஜ் வர வேண்டும். இல்லாவிட்டால் அவள் வந்த ரயிலிலேயே திரும்பலாம்.

முதல் சோதனையில் பாதி உப்பைக் குறைத்தாள். இறைச்சிக் கூழ் ஒட்டாமல், சாசேஜை வெட்டியதும் மணலாக உதிர்ந்தது. அடுத்து உப்புக்குப் பதிலாகப் பொட்டாசிய உப்பைக் கலந்தாள். கசந்தது. கடைசியில் சரியாகக் கால் பங்கைக் குறைத்து, பூண்டும் மிளகும் கூட்டி, புகையை இரண்டு மணி நேரம் நீட்டி, ஒரு சாசேஜ் செய்தாள். அது நன்றாக இருந்தது. ஆய்வகத்துப் பெண்கள் தின்றார்கள். காவலாளி தின்றார். காவலாளியின் நாய் நிற்காமல் தின்றது.

வியாழக்கிழமை மிர்சதாய் மென்றார். கண்ணைத் திறந்தார்.

"உப்பே இல்லையேம்மா."

எட்டுப் பேனாக்கள் 'உப்பே இல்லை' என்று எழுதின.

மூன்று வியாழக்கிழமை இப்படி நடந்தது. நாலாவது வியாழக்கிழமை அக்மராலுக்கு ஒரு சந்தேகம் வந்தது. மிர்சதாயின் தட்டில் மட்டும் புதிய சாசேஜை வைத்தாள். மற்ற எட்டுத் தட்டிலும் முழு உப்புப் போட்ட பழைய சாசேஜ். எட்டுப் பேரும் வாயில் போட்டு மென்று, தலைவர் சொன்னதும், 'உப்பே இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். புகையறைப் பொறுப்பாளர் ஃபியோதர் 'கொஞ்சங்கூட' என்று சேர்த்தும் எழுதியிருந்தார்.

பொதிகட்டும் பிரிவின் தலைவி ஸெய்னெப்பை அக்மரால் தாழ்வாரத்தில் மடக்கினாள்.

"அக்கா, உங்க தட்டுல இருந்தது பழைய சாசேஜ். இருபது வருஷமா நீங்க வீட்டுக்கு வாங்கிட்டுப் போற அதே சாசேஜ். அதுல உப்பில்லைன்னு எழுதியிருக்கீங்க."

"நம்ம பெரியவர், மிர்சதாய் அகாய் சொன்னாரே."

"அவர் சொன்னார். உங்க நாக்கு என்ன சொல்லிச்சு?"

ஸெய்னெப் யோசித்தாள். உண்மையாகவே யோசித்தாள். "என் நாக்கையா? அதை இதுவரைக்கும் யாரும் கேட்டதில்லையே கண்ணு."

அக்மரால் ஒட்டுப்பலகையில் தடுப்புகள் செய்து, ஒருவரையொருவர் பார்க்க முடியாதபடி ஒன்பது கூண்டுகள் அமைத்தாள். அன்று கூடத்தில் ஒரு சத்தமும் இல்லை. எட்டுப் பேரும் காதைத் தீட்டிக்கொண்டிருந்தார்கள். மிர்சதாய் தட்டைத் தள்ளிவைத்த சத்தம் கேட்டதும் எட்டுப் பேனாக்களும் ஓடின. அடுத்த வாரம் அவரை வேறு அறையில் உட்கார வைத்தாள். இரண்டு மணி நேரம் கழித்துப் படிவங்களை வாங்கிப் பார்த்தாள். உப்புக்கான கட்டத்தில் எட்டுப் பேரும், மிர்சதாயை மரியாதையாகக் கூப்பிடுகிற பெயரில், 'மிர்செக்கே வரட்டும்' என்று எழுதியிருந்தார்கள். எழுத்துப்பிழைகூட ஒன்றுபோல் இருந்தது.

மார்ச் பாதி போய்விட்டது. தலைநகரத்திலிருந்து அதிகாரி வருகிற தேதியும் தெரிந்துவிட்டது. அக்மரால் ஒரு மாலை, கையில் ஒரு பெட்டி மிட்டாயோடு மிர்சதாய் வீட்டுக்கே போனாள், காலில் விழுந்தாவது கேட்பது என்று. அவர் வீட்டில் இல்லை. குல்யாஷ் உட்கார வைத்துப் பால் தேநீர் ஊற்றினாள். கிண்ணம் காலியாகக் காலியாக ஊற்றிக்கொண்டே முழுக் கதையையும் கேட்டாள்.

"அவரா? அவர் மாறமாட்டார்மா. முப்பத்தஞ்சு வருஷமா நான் வைக்கிற ரசத்துக்கே மார்க் போட்டுக்கிட்டு இருக்கற மனுஷன்."

"அப்ப நான் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான் அக்கா."

குல்யாஷ் தேநீர்க் கெண்டியைக் கீழே வைத்தாள். ஜன்னல் வழியாக ரயில் பாதையின் அந்தப் பக்கத்தைப் பார்த்தாள்.

"உங்க குழுவுல மூத்தவர் சொன்னா மத்தவங்க எழுதுவாங்க. அதானே?"

"அதேதான்."

"அப்ப இவரைவிட மூத்தவர் ஒருத்தரைக் கொண்டாந்து உக்கார வையேன். இவர் எதுத்துப் பேச முடியாதவரா."

"அப்படி யார் இருக்கா?"

"என் சம்பந்தி இருக்கார். எழுபத்து நாலு வயசு. சம்பந்தி வார்த்தையை எவனாவது சபையில தட்டுவானா?"

கல்யாண விருந்தைப் பற்றி அவள் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. பொய்யும் சொல்லவில்லை. எவனாவது தட்டுவானா என்று கேள்விதான் கேட்டாள்.

அக்மரால் மறுநாளே ரயில் பாதையைத் தாண்டினாள். சபர்காலி தோட்டத்தில் பனியைத் தள்ளிக்கொண்டிருந்தார். நுகர்வோர் பிரதிநிதியாக ஒரே ஒரு நாள் குழுவில் உட்கார வேண்டும், மிர்சதாய் அகாய் தலைமையில் இருக்கிற குழு என்று அவள் சொன்னதும் மண்வெட்டியை நட்டுவைத்தார்.

"அந்த ஆள் போடற உப்பை நான் ருசி பாத்துச் சொல்லணும். அப்படித்தானே?"

"ஆமாம் அகாய்."

"சபையில? அதிகாரி முன்னால?"

"ஆமாம்."

"வர்றேன்."

இவ்வளவு சுலபமாக ஒரு பெரியவர் ஒத்துக்கொள்வார் என்று அக்மரால் நினைக்கவில்லை. வழியெல்லாம் சிரித்துக்கொண்டே வந்தாள்.

அதிகாரி வருகிற நாள் காலை, படிவங்களை அடுக்கிக்கொண்டிருந்தபோதுதான் ஸெய்னெப் உள்ளே எட்டிப் பார்த்தாள்.

"வாசல்ல நிக்கறது சபர்காலியா? யார் கூப்பிட்டது?"

"நான்தான். மிர்செக்கேவோட சம்பந்தியாம். அவர் பேச்சை இவர் தட்டமாட்டாராம்."

ஸெய்னெப் கதவைச் சாத்தினாள். கல்யாண விருந்தை முதலிலிருந்து சொன்னாள். ஊட்டியதைச் சொன்னாள், கண்ணை மூடியதைச் சொன்னாள், நாற்பது தேநீர்க் கிண்ணத்தைச் சொன்னாள். அக்மரால் படிவங்களின் மேல் உட்கார்ந்துவிட்டாள்.

"ஊட்டின கைக்கே அப்படிச் சொன்னவரா?"

"அந்தக் கை இன்னும் அவர் வாய்க்குள்ளதான் இருந்துச்சுன்னு சொல்றவங்க உண்டு."

ஆனால் நேரம் ஆகிவிட்டது. அதிகாரி வந்துவிட்டார். மெலிந்த மனிதர், ரயிலில் தூங்காத கண். இயக்குநர் வாசலுக்கே போய் சபர்காலியின் கையைப் பிடித்துக் கூட்டிவந்து மேசையின் தலைமாட்டில் உட்கார வைத்தார். பத்தொன்பது வருடமாக மிர்சதாய் உட்கார்ந்த இடம் அது. மிர்சதாய் உள்ளே வந்தார். பார்த்தார். ஒரு கணம் அவருக்குக் கால் எதற்கு இருக்கிறது என்பதே மறந்துபோனது போலிருந்தது.

"நலமா சம்பந்தி?" என்றார்.

"இருக்கேன்," என்றார் சபர்காலி. "உக்காருங்க. இது உங்க இடம்தானே, நான் ஒரு நாளைக்குத்தான்."

மிர்சதாய் இரண்டாவது நாற்காலியில் உட்கார்ந்தார். அங்கே உட்கார்ந்து பழக்கமில்லாததால் மேசை அவருக்கு எட்டாமல் இருந்தது. நாற்காலியை இரண்டு தடவை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

தட்டுகள் வந்தன. இந்த முறை எல்லாத் தட்டிலும் புதிய சாசேஜ்தான். சபர்காலி ஒரு துண்டை எடுத்தார். பொய்ப்பல்லானதால் மெதுவாக மென்றார். கண்ணை மூடவில்லை. சம்பந்தியைப் பார்த்துக்கொண்டே மென்றார்.

"உப்பு கூட," என்றார்.

அக்மரால் தன் காதை நம்பவில்லை. உப்பு சரி என்று சொல்வார் என்றுதான் கூட்டிவந்தாள். கூட என்று சொல்வதற்கு அந்த சாசேஜில் என்ன இருக்கிறது? ஆனால் எட்டு வருடம் பாதி உப்பில் வாழ்ந்த வாய்க்கு அது கூடத்தான். அதில் பொய் இல்லை. மீதியில், ரயில்களை நிறுத்திவைத்துப் பழகிய ஒரு மனிதர் இரண்டு குளிர்காலம் காத்திருந்த திருப்தி இருந்தது.

எட்டுப் பேனாக்கள் மேலே நின்றன. இறங்கவில்லை. மூத்தவர் சொல்லிவிட்டார், ஆகவே எழுதலாம். ஆனால் தலைவர் இன்னும் சொல்லவில்லை, ஆகவே எழுதக்கூடாது. இப்படி ஒரு நிலைமை அந்த மேசைக்கு வந்ததே இல்லை. ஃபியோதர் சபர்காலியையும் மிர்சதாயையும் மாறி மாறிப் பார்த்தார். ஸெய்னெப், வேறு வழி தெரியாமல், தன் வாயில் இருந்ததை உண்மையாகவே மென்று பார்த்தாள். அவள் முகத்தில் ஒரு ஆச்சரியம் வந்து போனது.

"அடுத்தவர்," என்றார் அதிகாரி.

மிர்சதாய் துண்டை வாயில் போட்டார். கண்ணை மூடினார்.

நாக்கு உடனே தீர்ப்புச் சொல்லிவிட்டது. அது எப்போதும் தாமதித்ததில்லை. உப்பு இல்லை, இது ஜன்னல் கண்ணாடிக்கு வைக்கிற மக்கு, இதைத் தின்பதற்குப் பதில் ஏரிக்கரைக்குப் போய்க் காற்றைத் தின்னலாம் என்றது. முப்பது வருடமாக நாக்கு சொன்னதை வெளியே விடுவதுதான் அவருடைய வேலை. ஆனால் இன்று மூடிய கண்ணுக்குள் ஒரு சோபா தெரிந்தது. அதன் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு ஒருவன் நின்றான். பிடியை விட்டான். ஆடினான். அவன் காலில் கட்டியிருந்த கயிற்றை யாரோ வெட்டிக்கொண்டிருந்தார்கள், சுற்றிலும் ஊர் நின்றிருந்தது, தாத்தாவுக்கான இடத்தில் யாரும் இல்லை.

அவர் மென்றுகொண்டே இருந்தார். வழக்கமாக ஏழு தடவைதான் மெல்லுவார். ஸெய்னெப் எண்ணினாள். இருபத்திரண்டு ஆயிற்று.

"என்ன சம்பந்தி," என்றார் சபர்காலி, சத்தம் உயராமல். "அன்னைக்கு நாற்பது பேர் முன்னால சட்டுனு வந்துச்சு. இன்னைக்குப் பத்துப் பேர்தானே இருக்காங்க. சொல்லுங்க."

மிர்சதாய் விழுங்கினார். கண்ணைத் திறந்தார். மேசையைப் பார்த்துக்கொண்டு பேசினார். கடைசி நாற்காலிக்காரர்களுக்குக் கேட்டும் கேட்காத அளவுக்கு மெதுவாக.

"சம்பந்தி சொல்றது சரிதான். உப்பு கூடத்தான்."

முதலில் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு எட்டுப் பேனாக்களும், அணை திறந்ததுபோல, ஒன்றாக ஓடின. இயக்குநர் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார். அவர் பிறந்தநாள் விருந்திலும் இருந்தவர், கல்யாண விருந்திலும் இருந்தவர்.

அதிகாரிக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. கால் பங்கு குறைத்தும் பத்துப் பேரும் ஒருமனதாக உப்பு கூட என்கிறார்கள். இப்படி முன்னேறிய குழுவை அவர் நாட்டில் எங்கும் கண்டதில்லை. "அப்படின்னா இன்னொரு கால் பங்கைக் குறைச்சிடலாமே," என்றார்.

"ஐயோ வேண்டாங்க," என்றாள் அக்மரால். "இதுக்கு மேல குறைச்சா கூழ் ஒட்டாது, உதிர்ந்துடும். இதுவே போதும். இப்படியே கையெழுத்துப் போடுங்க." உப்பைக் குறைக்க வந்தவள் உப்புக்காகக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

அதிகாரி படிவத்தைப் புரட்டினார். "இதுல ரெண்டு கட்டம் இருக்கே. 'கொஞ்சம் கூட', 'ரொம்பக் கூட'. தலைவர் எதைச் சொல்றார்?"

மிர்சதாய் சம்பந்தியைப் பார்த்தார். சபர்காலி அவரைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மேசைக்கு மேல் கையைத் தூக்கி, கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே ஒரு சின்ன இடைவெளி காட்டினார்.

"கொஞ்சம்," என்றார் மிர்சதாய்.

அந்தக் கட்டத்தில் குறி விழுந்தது. சபர்காலி தட்டைத் தள்ளிவிட்டு, நடுவிலிருந்த தண்ணீர்க் கூஜாவை மிர்சதாய் பக்கம் நகர்த்தினார்.

"பையன் நேத்து சாயங்காலம் மூணு அடி வச்சான்," என்றார். "குடிங்க சம்பந்தி. உப்பு தின்ன வாய்க்குத் தண்ணி வேணும்ல."

மிர்சதாய்க்குத் தாகம் இல்லை. ஒரு டம்ளர் நிறைய ஊற்றி, எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, அடி வரைக்கும் குடித்தார். உதட்டைத் துடைத்துக்கொண்டு இன்னொன்று ஊற்றிக்கொண்டார்.